மோட்டார் காரில் வானொலியும் செயலியும்

ஓடுகின்ற காரில் அமர்ந்து வானொலி கேட்பது இன்று எவருக்கும் புதுமையன்று. ஆயின் அவ்வசதி தோன்றிய நாளில் அதனைக் கண்டு அஞ்சியவர்களும் இருந்தனர். அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர் 1930-ஆம் ஆண்டில், காரில் பொருத்தத்தக்க வானொலிப் பெட்டி ஒன்றைச் செய்து, அதற்கு 'மோட்டரோலா' என்று பெயரிட்டு விற்கத் தொடங்கினார். அந்நாளிலேயே மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் செயின்ட் லூயிஸ் நகரத்திலும், கார் ஓட்டும்போது வானொலி கேட்பதைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்ற யோசனைகள் எழுந்தன. பாட்டில் மனம் சென்றால் பாதையில் மனம் நில்லாது என்பது அவர்கள் வாதம்.

அந்த அச்சம் நகைப்புக்குரியது என்று நேயர்கள் சிலர் எண்ணக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும், காரின் முகப்பில் எதை வைக்கலாம், எதை வைக்கலாகாது, அதனை முடிவு செய்ய வேண்டியவர் யார் என்னும் கேள்வி தீர்ந்தபாடில்லை. அன்று அது ஒரு பெட்டியைப் பற்றிய கேள்வி. இன்று கைப்பேசிச் செயலிகளைப் பற்றிய கேள்வி. தமிழர் பெருந்தொகையினராக வாழும் பெங்களூர் நகரம் இக்கதையில் பல இடங்களில் வந்து புகுகின்றது. ஆதலின் அந்நகரை நடுவே வைத்து இவ்வரலாற்றைச் சொல்லுகிறேன்.

ஐரோப்பாவில் காருக்கென்று செய்யப்பட்ட முதல் வானொலிப் பெட்டியை 1932-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வெளியிட்டார்கள். பின்னர் 'பிளாபுங்க்ட்' என்று உலகெங்கும் அறியப்பட்ட பெயர் அதன் மேல் இருந்தது. கனத்த பெட்டி அது. ஓட்டுநரின் அருகே வைக்க இடம் போதாது. ஆகவே பெட்டியை வேறிடத்தில் வைத்து, அதனை இயக்கும் குமிழை மட்டும் திருப்புச் சக்கரத்தின் தண்டில் பொருத்தினார்கள். கையை அதிகம் நகர்த்தாமல், கண்ணைப் பாதையிலிருந்து எடுக்காமல் நிலையத்தை மாற்ற அது உதவிற்று. இடமின்மையால் பிறந்த ஏற்பாடுதான். ஆயினும் இன்றைய கார்களின் சக்கரத்தில் காணப்படும் ஒலிப் பொத்தான்களுக்கு அதனை முன்னோடி என்று கொள்வதில் தவறில்லை.

அந்த நிறுவனத்தை 1933-இல் தன்னுடையதாக்கிக் கொண்டது பாஷ் நிறுவனம். இந்தப் பெயர் பெங்களூர்த் தமிழருக்குப் புதிதன்று. பாஷ் நிறுவனத்தின் கூட்டுறவுடன் 1951-இல் தொடங்கப்பெற்றதே 'மைக்கோ' என்று நாம் அழைத்துவந்த மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி. ஆடுகோடியில் ஓசூர்ச் சாலையை ஒட்டி அமைந்த அந்த ஆலையில் தீப்பொறிச் செருகிகளும் டீசல் எண்ணெயை எஞ்சினுக்குள் பீய்ச்சும் பம்புகளும் உருவாயின. 2008-இல் அதன் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறிற்று. பெயர் மாறினும் 'மைக்கோ லேஅவுட்' என்னும் குடியிருப்பு இன்றும் அப்பழைய பெயரைத் தாங்கி நிற்கின்றது.

வானொலியின் பக்கம் பார்த்தால், கன்னட நாட்டிற்கு அதில் தனிப் பெருமை உண்டு. மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக விளங்கிய எம். வி. கோபாலசாமி, 1935-ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையத்தைத் தொடங்கினார். 'ஆகாசவாணி' என்னும் பெயர் அந்நிலையத்திற்கு வழங்கியது. பிற்காலத்தில் அதுவே நாடு முழுவதற்கும் உரிய பெயராயிற்று. மனித மனத்தின் கவனத்தை ஆராயும் துறையைச் சேர்ந்த ஒருவர் வானொலிக்கு வித்திட்டார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு மகிழ்ச்சி. பெங்களூர் நிலையம் 1955 நவம்பர் 2-ஆம் நாள் தன் பணியைத் தொடங்கிற்று.

அக்காலத்தில் வானொலிப் பெட்டி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமம் பெற வேண்டும். நம் வீடுகளில் அந்தச் சிறு உரிமப் புத்தகம் பெட்டியின் அருகிலேயே இருந்ததை முதியோர் நினைவுகூர்வர். அந்த ஏற்பாடு 1980-களில் நீங்கிற்று. கேட்பவன் உரிமம் பெற்ற காலம் அது. கார்த் திரைக்காக ஒன்றை உருவாக்குபவன் இசைவு பெற வேண்டிய காலம் பின்னர் வந்தது.

அதற்கு முன் நகரம் மாற வேண்டியிருந்தது. 1985-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் பெங்களூரில் தன் கூடத்தை நிறுவி, துணைக்கோள் வழியாகத் தன் நாட்டோடு தொடர்பு கொண்டு மென்பொருள் வேலையைச் செய்யத் தொடங்கியது. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடம் 1996-இல் இங்கு வந்தது. 1989-இல் தோன்றிய டாட்டா எல்க்ஸி பின்னாளில் காரின் முகப்புத் திரைக்கான மென்பொருளையும் தன் தொழில்களில் ஒன்றாகக் கொண்டது. தீப்பொறிச் செருகி செய்த பாஷ் நிறுவனமும் இதே நகரில் ஆயிரக்கணக்கான மென்பொருள் பொறியாளரை அமர்த்திற்று. இரும்பைக் கடைந்த ஊர், காருக்கு எழுத்துக் கட்டளைகளை இயற்றும் ஊராகவும் ஆயிற்று.

இதற்கிடையே காரினுள் வானொலிக்கு இன்னொரு வாழ்வு வந்தது. 2001 ஜூலை 3-ஆம் நாள் இந்தியாவின் முதல் தனியார் பண்பலை நிலையமான ரேடியோ சிட்டி பெங்களூரில் ஒலிக்கத் தொடங்கியது. நெரிசலில் நின்று நின்று செல்லும் ஊருக்கு அது ஏற்ற துணையாக இருந்தது. இந்நகரத்து நெரிசலைப் பற்றி மிகைப்படுத்த வேண்டியதில்லை. உலக நகரங்களை அளந்து பார்த்த டாம்டாம் நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டுக் கணக்கில் பெங்களூரே முதலிடம் பெற்றது. நெரிசலற்ற வேளையில் ஆகும் நேரத்தைவிட 71 விழுக்காடு அதிக நேரம் இங்கு சாலையில் கழிந்தது.

கைப்பேசி காருக்குள் நுழைந்த கதை இனி. ஃபோர்டு நிறுவனம் மைக்ரோசாஃப்டுடன் சேர்ந்து 2007-இல் 'சிங்க்' என்னும் ஏற்பாட்டை அமெரிக்காவில் கொண்டுவந்தது. குரலால் கட்டளையிட்டுக் கைப்பேசியைப் பயன்படுத்தலாம். சென்னைக்கருகே மறைமலைநகரில் செய்யப்பட்டு 2013-இல் விற்பனைக்கு வந்த எக்கோஸ்போர்ட் வண்டியிலும் அது இருந்தது. அதே 2013-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும், வெளியாரும் தங்கள் கார்களுக்குச் செயலி எழுதலாம் என்று கதவைத் திறந்தன. ஆயின் ஒவ்வொரு கார் நிறுவனத்திற்கும் ஒவ்வொரு விதமாக ஒரே செயலியைத் திரும்பத் திரும்ப எழுதுவது யாரால் இயலும்? பெருநிறுவனங்களுக்கு இயலலாம், இரண்டு மூன்று இளைஞர் கூடி ஓர் அறையில் நடத்தும் தொழிலுக்கு இயலாது.

2014-ஆம் ஆண்டில் இச்சிக்கல் ஒருவாறு தீர்ந்தது. அவ்வாண்டு மார்ச்சில் ஆப்பிள் நிறுவனம் 'கார்பிளே'யையும், ஜூனில் கூகிள் நிறுவனம் 'ஆண்ட்ராய்டு ஆட்டோ'வையும் அறிவித்தன. இவற்றின் தன்மையை நேயர்கள் தெளிவாக உணர வேண்டும். செயலி காரில் இல்லை, கைப்பேசியிலேயே இருக்கின்றது. காரின் திரை ஒரு கண்ணாடி போல அதனைப் பிரதிபலிக்கின்றது. ஆயினும் கைப்பேசியில் தெரிவதை அப்படியே காட்டும் கண்ணாடியன்று அது. பாட்டுச் செயலி எழுதுபவர் பாடல்களின் பட்டியலையும் ஒலியையும் மட்டும் தருவார். எழுத்து எவ்வளவு பெரியதாக வேண்டும், பொத்தான் எங்கே நிற்க வேண்டும் என்பனவற்றை அவர் முடிவு செய்ய இயலாது. அதற்கு முன்னரே வகுத்த வார்ப்புகள் உண்டு. ஆண்ட்ராய்டு ஆட்டோவில், வார்ப்புகளைக் கொண்டு எழுதும் செயலிகள் ஒரு காரியத்தை முடிக்க ஐந்து திரைகளுக்கு மேல் காட்டலாகாது என்பது விதி. வந்த செய்தியைத் திரையில் படிக்கத் தராமல் உரக்க வாசித்துக் காட்டுவதும், மறுமொழியைக் குரலால் பெறுவதுமே முறை.

எல்லாச் செயலிகளுக்கும் அங்கே இடமில்லை. தொடக்கத்தில் பாட்டும் செய்திப் பரிமாற்றமுமே வெளியாரிடமிருந்து பெரும்பாலும் ஏற்கப்பட்டன. கார்பிளேயில் பிறருடைய வழிகாட்டிச் செயலிகளுக்கு 2018-இல் இடம் கிடைத்தது; வண்டி நிறுத்துமிடம் தேடுதல், மின்னேற்றம், உணவு வாங்குதல் ஆகிய வகைகள் 2020-இல் சேர்ந்தன. ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வழிகாட்டல், நிறுத்துமிடம், மின்னேற்றம் ஆகியவற்றுக்கு அடுத்த ஆண்டில் வழிவிட்டது. ஆப்பிளிடம் வகையைக் குறித்து விண்ணப்பித்து முன்னதாகவே இசைவு பெற வேண்டும். கூகிளின் பிளே ஸ்டோரில் காருக்கென்று தனிப் பரிசோதனை உண்டு. அதில் தேறாத செயலி கைப்பேசியில் உலவலாமேயன்றிக் காரின் திரையில் ஏற முடியாது. மேசைக் கணினியிலேயே ஒரு பொய்க் கார்த் திரையை எழுப்பிச் சோதிக்கும் கருவிகளை இரு நிறுவனங்களும் தந்துள்ளமையால், கார் வாங்க வசதியில்லாத பெங்களூர் இளைஞனும் காருக்குச் செயலி எழுத முடிந்தது. ஆப்பிள் நிறுவனம் 2017-இல் பெங்களூரிலேயே செயலி வடிவமைப்பாளருக்கென ஒரு பயிற்சிக் கூடம் திறந்ததையும் இங்கே சொல்ல வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று எரிச்சல்படும் இளம் பொறியாளரை நான் கண்டதுண்டு. அவர்களுக்குக் கணக்கொன்றைச் சொல்லலாம். அமெரிக்க நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிருவாகம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், ஓட்டுநரின் பார்வை ஒருமுறைக்கு இரண்டு விநாடிக்கு மேல் பாதையை விட்டு விலகலாகாது என்றும், ஒரு காரியம் முழுவதற்குமாகப் பன்னிரண்டு விநாடிக்கு மேல் ஆகலாகாது என்றும் கூறின. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் இரண்டு விநாடியில் ஏறத்தாழ 33 மீட்டர் கடந்துவிடும். ஆடுகோடிச் சாலையில் 33 மீட்டருக்குள் எத்தனை பேர் குறுக்கே நடக்கிறார்கள் என்பதை அவ்வூரில் வாழ்வோர் அறிவர். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், வண்டியோட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை அபாயகரமான ஓட்டுதலில் சேர்த்தது. வழி காண்பதற்கு மட்டும் அதனைப் பயன்படுத்தலாம் என்று 2020-இல் விதி வகுத்தார்கள். இவை கையிலுள்ள கருவியைப் பற்றிப் பேசுகின்றன. முகப்பில் பதித்த திரையில் எது தோன்றலாம் என்பதை நடைமுறையில் முடிவு செய்வோர் செயலியங்காடிகளை நடத்தும் இரு அயல்நாட்டு நிறுவனத்தாரே. அவர்கள் வகுத்த விதிகள் நல்லவை என்றே நான் கருதுகிறேன். நல்லவை என்பதனால் அவற்றை வகுக்கும் பொறுப்பு முழுவதையும் அவர்களிடமே விட்டுவிடலாம் என்று கருதவில்லை.

இனி மொழியைப் பற்றிச் சிறிது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் ஆதலின் இதில் எனக்குத் தனி அக்கறை உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் மொழியைத் தமிழாக்கினால், அதனோடு இணைந்த காரின் திரையும் தமிழில் பேசும். கூகிளின் நிலப்படம் 2018-இல் தமிழ், கன்னடம் உள்ளிட்ட மேலும் ஆறு இந்திய மொழிகளில் வழி சொல்லத் தொடங்கிற்று. வேற்று மாநிலத்தில் வாழும் தமிழனுக்கு இது சிறு உதவியன்று. சாலைப் பலகையின் எழுத்தைப் படிக்கத் தெரியாதவனுக்கும் காதில் தன் மொழி ஒலிக்கின்றது.

ஆனால் இரண்டு விநாடி விதி மொழிபெயர்ப்பாளனையும் கட்டுப்படுத்துகின்றது. ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடியும் ஒரு சொல்லுக்குத் தமிழில் 'சமீபத்தில் இயக்கப்பட்டவை' என்று எழுதினால், அது திரையின் ஓரத்தில் வெட்டுண்டு 'சமீபத்தில் இய...' என்று நிற்கும். அகராதிப்படி குற்றமற்ற மொழிபெயர்ப்பு, காரில் பயனற்றது. 'கேட்டவை' என்றால் போதும். அலுவலகக் குறிப்புகளில் நாங்கள் நீண்ட தொடர்களுக்குப் பழகிவிட்டோம். அங்கே படிப்பவர் நாற்காலியில் இருக்கிறார். அலுவலகத் தமிழைச் சீர்திருத்த எண்ணுவோர் அதனை ஒருமுறை காரின் திரையில் இட்டுப் பார்க்கலாம்.

ஊர்ப்பெயர்களில் வேறொரு தொல்லை. செயலிகள் கைப்பேசியின் துணையின்றிக் காரிலேயே குடியேறும் காலமும் வந்துவிட்டது. கூகிளின் அத்தகைய ஏற்பாட்டைக் கொண்ட முதல் கார் 2020-இல் வந்த போல்ஸ்டார் 2. அதே ஏற்பாடுள்ள வால்வோ எக்ஸ்சி40 ரீசார்ஜ் என்னும் மின்கார் 2022-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தபோது, பெங்களூருக்கு அருகில் ஹொசகோட்டையிலேயே அதனைப் பூட்டி முடித்தார்கள். பழந்தமிழிலும் பழங்கன்னடத்திலும் பகரத்தில் தொடங்கிய சொற்கள் பல, கன்னடத்தில் ஹகரமாக மாறின. நம் 'பள்ளி' அங்கே 'ஹள்ளி'. நம் 'புது'வுக்கு உறவான 'பொச' அங்கே 'ஹொச'. ஆகவே ஹொசகோட்டை என்பது நம் புதுக்கோட்டையே. மாரத்தஹள்ளி, பொம்மனஹள்ளி முதலிய பெயர்களைத் தமிழெழுத்தில் எழுதினால், வல்லின எழுத்தை வல்லோசையாகப் படிப்பதா, மெல்லோசையாகப் படிப்பதா என்பதைத் தமிழன் பழக்கத்தால் அறிவான், எந்திரம் அறியாது.

நண்பர் ஒருவர் ஓசூரிலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் காரில் செல்கிறார். அவருடைய வழிகாட்டிச் செயலி நல்ல தமிழில் 'இடப்புறம் திரும்புக' என்று சொல்லிவிட்டு, அடுத்து வரும் தெருவின் பெயரை எவர்க்கும் விளங்காத ஓசையில் உச்சரித்ததாம். அவர் ஒரு நொடி திகைத்துத் திரையை நோக்கினார். நிமிர்ந்தபோது முன்னே சென்ற ஆட்டோ நின்றிருந்தது. தடையைக் காலால் அழுத்தித் தப்பினார். வீடு சேர்ந்ததும் அப்பெயரின் சரியான ஒலிப்பைக் கன்னட எழுத்திலும் தமிழ் எழுத்திலும் எழுதி அச்செயலியை வெளியிட்டவர்களுக்கு அனுப்பினார். மூன்று மாதம் ஆயிற்று. பெற்றுக்கொண்டோம் என்ற மறுமொழி வந்தது. தெருவின் பெயர் இன்னும் பழையபடியே ஒலிக்கின்றது. அந்தத் திருப்பம் வரும்போது ஒலியை அடக்கிவிடுவதாக அவர் என்னிடம் சொன்னார்.