முதன்மைப் பெருக்கமும் இரட்டை முதன்மை எண்களும்

வித்தியாசம் 2 ஆக வரும் முதன்மை எண் சோடி இரட்டை முதன்மை எண்கள் எனப்படும்: 11, 13 ஒரு சோடி, 29, 31 இன்னொன்று. (முதன்மை எண்களைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பகா எண்கள் என்கின்றன.) 2இல் தொடங்கி முதன்மை எண்களை வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போனால் 6, 30, 210, 2310, 30030 எனக் கிடைப்பவை முதன்மைப் பெருக்கங்கள். பள்ளிப் பிள்ளையிடம் 2, 3, 5, 7 ஆகியவற்றின் பொது மடங்குகளுள் சிறியதை (பொ.ம.சி.) கேட்டால் 210 என்று வந்துவிடும், அதுவேதான் இது.

210இன் எந்த மடங்கையும் எடுத்து ஒன்றைக் கூட்டினாலும் கழித்தாலும், வரும் எண்ணை 2, 3, 5, 7 வகுக்கமாட்டா. ஆகவே அங்கே இரட்டைகள் அகப்பட வாய்ப்பு அதிகம்: 419, 421, 1049, 1051, 2309, 2311. தற்செயலாக எடுத்த எண்ணின் இரு பக்கமும் பார்ப்பதைவிட ஏறக்குறைய 14 மடங்கு. ஆனால் 11உம் அதற்கு மேற்பட்டவையும் தடுக்கப்படவில்லை. 209 என்பது 11 × 19. 839 முதன்மை எண்தான். 841 ஆனால் 29இன் வர்க்கம்.

இதைக் கண்டு முதன்மைப் பெருக்கத்துக்கு ஏதோ தனி மகிமை உண்டு என்று எண்ணுவது தவறு. 210 எண்கள் கொண்ட ஒரு சுற்றில் இரு பக்க எண்களும் 2, 3, 5, 7 ஆகிய நான்கிலும் தப்பும் நடு எண்கள் 15 உள்ளன; 0 அவற்றில் ஒன்று, 12உம் 18உம் மற்றவற்றுள் இரண்டு. கணிதவியலாளர்கள் ஹார்டி, லிட்டில்வுட் ஆகியோரின் ஊகத்தின்படி நீண்ட ஓட்டத்தில் இந்த 15 இடங்களுக்கும் ஒரே பங்குதான். மடங்கின் உண்மையான வசதி சோதிப்பதில் இருக்கிறது: நடு எண்ணின் காரணிகள் கைவசம் இருப்பதால், இரு பக்க எண்களும் முதன்மையா என்பதை லூக்கா (Lucas) வகைச் சோதனைகளால் விரைவில் நிறுவலாம்.

இரட்டைகள் முடிவில்லாதவையா என்பது இன்னும் நிறுவப்படவில்லை. 2013இல் கணிதவியலாளர் யீதாங் ஜாங், முதன்மை எண்களுக்கு இடையே 7 கோடிக்கு உட்பட்ட இடைவெளி முடிவின்றி வரும் என்று காட்டினார். அது பின்னர் 246 ஆகச் சுருங்கியது.

சிறிய முதன்மைகள் வழிவிடுவதற்குப் பதில் வழியடைக்கும் இடங்களும் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்த எஸ். எஸ். பிள்ளை, அடுத்தடுத்த 16 எண்கள் வரை எடுத்தால் மற்ற எல்லாவற்றோடும் பொதுக்காரணி இல்லாத எண் ஒன்றாவது இருக்கும் என்று நிறுவினார். 17இல் அது உடைகிறது: 2184 முதல் 2200 வரை அப்படி ஒன்றுமில்லை. 2197 என்பது 13இன் கனம், 2184உம் 13ஆல் வகுபடும். 2189க்கும் 2200க்கும் 11 பொது. இந்த அடைப்பு 30030க்கு ஒருமுறை அப்படியே திரும்ப வரும்.