மழுங்கிய உளியும் வீணாகும் வலுவும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வேளாண்மை வெட்டுவோர், தாக்கத்தி மழுங்கினால் கை விரைவில் ஓய்ந்துவிடும் என்பதை எவரும் சொல்லித்தராமலே அறிவர். இரும்பைக் கடையும் உளிக்கும் நியதி அதுவே. அங்கே ஓய்வது கையன்று, இயந்திரம். அது வாய்திறந்து சொல்வதில்லை. எண்ணெய்ச் செலவும் மின்சாரச் செலவுமே சொல்லும்.

மழுங்கிய உளி உண்ணும் வலு எங்கே போகின்றது? மியூனிக் நகரப் படைக்கலச்சாலையிலே பீரங்கி குடைவதை மேற்பார்த்து வந்த ரம்போர்ட் கோமகன், வேண்டுமென்றே மழுங்கிய துளையுளியைத் தேர்ந்து, உலோக உருளையொன்றில் அழுத்திக் குதிரை கொண்டு சுழற்றுவித்தார். உருளையைச் சூழ நீர் நிறைந்த பெட்டி. இரண்டரை மணி நேரத்தில், நெருப்பில்லாமலே அந்நீர் கொதித்தது. சீவலோ மிகச் சொற்பம். குதிரையின் உழைப்பு வெப்பமாகிவிட்டது என்பதை 1798இல் அவர் எடுத்துரைத்தார்.

உளியின் வடிவத்தை முறையாக ஆராய்ந்த வரலாறு புகையிரதச் சக்கரத்தோடு தொடர்புடையது. மட்டக்களப்புக்குப் புகையிரதம் 1928இல் வந்து சேர்ந்தது. அக்கால நீராவி வண்டிகளின் சக்கரங்களுக்கு, மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் போலவே, பட்டையைச் சூடேற்றிப் பூட்டுவர். ஆனால் அது கடினமான உருக்கு. தேய்ந்தால் கடைந்துதான் சீராக்க வேண்டும். அத்தகைய பட்டைகளையே அமெரிக்காவின் மிட்வேல் உருக்காலையில் பிரெடெரிக் டெய்லர் 1880 முதல் நாள்தோறும் கடைந்து பார்த்தார். ஆறு மாதத்தில் முடியுமென்று எண்ணிய வேலை இருபத்தாறு ஆண்டுகள் நீண்டது. எட்டு இலட்சம் இறாத்தல் இரும்பும் உருக்கும் சீவலாயின!

வழக்கிலிருந்த கூர்முனை உளியைவிட வட்டமுனை உளி கூடிய வேகத்தைத் தாங்கும் என்பது 1881இல் தெளிந்தது. 1883இல் கண்டதோ எவரும் எதிர்பாராதது. மிக மழுங்கிய உளியை முன்னே செலுத்துவதற்கே, உலோகத்தை வெட்டுவதற்கு வேண்டிய அளவு அழுத்தம் தேவைப்பட்டது. அதன்பின் அவ்வாலை வாங்கிய கடைச்சற் பொறிகள் யாவும், செலுத்தும் வலுவும் வெட்டும் வலுவும் சமமாக அமைந்தவையே. மழுங்கலுக்காக இயந்திரத்தையே பலப்படுத்த நேர்ந்தது.

கூர்மையைப் போலவே சாய்வும் முக்கியம். உளியின் மேல்முகம் பின்னோக்கிச் சாயுமாயின் உலோகம் குறைவாக நசுங்கும். சீவல் எளிதில் வழுகிச் செல்லும். சாய்வு ஒரு பாகை கூடினால் வலு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு குறையுமென்பது பட்டறைக் கணக்கு. அதற்காக மேன்மேலும் சாய்த்தால் முனை மெலிந்து, சூட்டைத் தாங்காது உடையும். பித்தளையிலோ சாய்ந்த உளி தானாகவே உள்ளே பாய்ந்து வேலையைக் கெடுக்கும். அதற்குத் தட்டையான முகமே தகும்.

வாவிக் கரையில் படகின் சுழல்தண்டையோ நெல்லாலையின் அச்சையோ கடைபவனுக்கு டெய்லரின் அட்டவணைகள் கையில் இருக்க வேண்டியதில்லை. வேகமும் ஆழமும் மாறாதிருக்க, இயந்திரத்தின் குரல் தணிந்து, சீவல் கருகத் தொடங்கினால், அவன் பொறியை நிறுத்தி உளியைச் சாணைக்குக் கொண்டுபோகிறான்.