நிலம் நடுங்கியபோது

நாகர்கோவிலிலிருந்து வடக்கே, பூதப்பாண்டியைக் கடந்து, தடிக்காரன்கோணத்தையும் தாண்டிச் சென்றால் மலையடிவாரத்திலே கீரிப்பாறை. ரப்பர்த் தோட்டம், ஓடை, காடு, அதற்கப்பால் காளிகேசம். ஊரின் பெயரிலேயே பாறை; காலடியிலும் பாறை. "நம் தெற்கத்தி மண் அசையாது, நடுக்கமெல்லாம் வடக்கே, இமயத்தின் காலடியில்" என்று சொல்லிக்கொண்டே நாம் உறங்குகிறோம். நிலவியல் அறிந்தோர் அத்தகைய உறுதி எதையும் தருவதில்லை. 1900 பிப்ரவரி 8-இல் கோவை வட்டாரம் குலுங்கிற்று; தென்னாட்டின் பெரும்பகுதி அதனை உணர்ந்தது. 2000 டிசம்பர் 12-இல், இதே மேற்கு மலைத்தொடரின் சாரலிலே உள்ள ஈராற்றுப்பேட்டைப் பகுதியில் 5 அளவுள்ள நடுக்கம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 25-இல் புதுவைக்கு அப்பால் கடலடி அசைந்து, சென்னை மக்களை வீதிக்கு விரட்டிற்று. இமயத்து நடுக்கங்களோடு ஒப்பிட்டால் இவை சிறியனவே. சிறியதுதானே என்று எண்ணிச் சுவர் நிற்குமா?

நிலம் ஏன் நடுங்குகிறது? ஆயிரந்தலை ஆதிசேடன் சுமை மாற்றுகிறான் என்றது நம் நாட்டுப் புராணம். மண்ணுக்கடியிலே பெருங்கெளுத்தி மீனொன்று வாலை ஆட்டுகிறது என்றது ஜப்பானியர் கதை. கடல் தெய்வம் பொசைடன் சினந்தான் என்றனர் கிரேக்கர். பாம்பு அறிந்தவர் பாம்பைச் சொன்னார், மீன் அறிந்தவர் மீனைச் சொன்னார்! காரணம் அறியாத காலத்து மாந்தர் கதை கட்டியதை நாம் குறை கூறப் போவதில்லை. ரயிலும் தந்தியும் வந்த பிறகு, கல்லூரியிலே நிலவியல் பாடம் நடந்த பிறகு, எழுந்த பேச்சு ஒன்று உண்டு. அதைத்தான் பார்க்கவேண்டும்.

1934 ஜனவரி 15. பகல் 2 மணி கடந்து சில நிமிடங்கள். நேபாளத்தின் கிழக்குப் பகுதியில் தோன்றிய பெருநடுக்கம், ஏறத்தாழ 8 அளவினது, பீகாரைப் பிளந்தது. முங்கேர் நகரம் இடிபாட்டுக் குவியலாயிற்று. முசாபர்பூர் வயல்களிலே மண்ணைப் பிளந்துகொண்டு நீரும் மணலும் பீறிட்டன. மாண்டவர் 10,000-க்கு மேற்பட்டோர். நேபாளத்திலே காத்மாண்டுப் பள்ளத்தாக்கும் சிதைந்தது. பகற்பொழுதாக இருந்ததால் பலர் வெளியே இருந்தனர். இரவாக இருந்திருந்தால் கணக்கு வேறு.

அப்போது காந்தியார் தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணத்திலே தென்னாட்டில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசுகையில், பீகாரின் அழிவு தீண்டாமை என்னும் பாவத்துக்காக இறைவன் அளித்த தண்டனை என்றார். நோக்கம் நல்லது, அதில் நமக்கு ஐயமில்லை. தீண்டாமை ஒழியவேண்டும் என்பதிலும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் நெல்லைக்கு மிக அருகே, நம் நாஞ்சில் நாட்டிலே என்ன நிலை? சுசீந்திரத்துக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926-லும் 1930-லும் மக்கள் போராட வேண்டியிருந்தது. திருவிதாங்கூர் அரசின் கோயில்கள் 1936 நவம்பர் 12 வரை ஒடுக்கப்பட்டோர்க்குத் திறக்கவில்லை. பாவத்துக்குத்தான் தண்டனை என்றால், பாவம் இங்கே கொடிகட்டிப் பறக்க, தண்டனை முங்கேருக்கா? முங்கேரிலும், நிலம் தீண்டாமை பாராட்டியவன் மாளிகையைத் தேடிப் பிடித்தா இடித்தது? தீண்டப்படாதவன் குடிசையை விலக்கி வைத்தா நடுங்கியது?

இந்தக் கேள்வியை அன்றே எழுப்பியவர் கவி தாகூர். அவர் காந்தியாரின் பகைவரல்லர், தீண்டாமையின் நண்பருமல்லர். ஆயினும் இயற்கையின் பேரழிவுக்கு இயற்கையிலேதான் காரணம் தேடவேண்டும், அறநெறியை அதனோடு முடிச்சுப் போடுதல் ஆகாது என்று மறுத்தெழுதினார். இன்னொன்றும் சொன்னார், அதுதான் கூர்மையானது. இந்த வாதத்தை எதிர்த்தரப்பார் இன்னும் எளிதாகக் கையாளலாம், காந்தியாரின் இயக்கத்தால்தான் இந்தக் கேடு வந்தது என்று அவர்கள் கூறலாம் என்றார். ஆம், தெய்வ தண்டனை என்னும் கத்திக்கு இருபுறமும் கூர்! காந்தியார் அந்த மறுப்பைத் தம்முடைய 'அரிஜன்' ஏட்டிலேயே 1934 பிப்ரவரி 16 இதழில் வெளியிட்டார்; உடன் தம் விடையையும் வெளியிட்டார்; தம் நம்பிக்கையிலிருந்து அசையவில்லை. மறுப்பை மறைக்காமல் அச்சிட்ட பெருந்தன்மையைப் பாராட்டுகிறோம். விடையைப் பாராட்ட இயலவில்லை.

இந்தச் சொற்போர் ஏடுகளில் நடந்தபோது, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் பீகாரிலே ஊர் ஊராக நடந்தனர். எந்த ஊரில் எவ்வளவு சேதம், எங்கே நிலம் குழைந்து வீடு அமிழ்ந்தது, எங்கே சுவர் நின்றது என்று குறித்துப் படம் வரைந்தனர். பாவக் கணக்கு எடுக்கவில்லை. மண்ணின் கணக்கு எடுத்தனர். நீர் ஊறிய ஆற்று வண்டல் குலுங்கும்போது கூழாகிவிடுகிறது, அதன்மேல் நின்ற கட்டடம் சாய்கிறது, அமிழ்கிறது என்பது அந்தப் படத்திலே தெளிவாயிற்று. இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து ஆசியத் தட்டை நெருக்குகிறது, நெருக்குண்ட பாறை வில்போல் வளைந்து ஒருநாள் முறிந்து நிமிர்கிறது என்ற விளக்கமும் பின்னர் முழுமை பெற்றது.

இதைவிட நம் நெஞ்சைத் தொடுவது பலுசிஸ்தானத்துக் கதை. 1931-இல் அங்கே மாச்சுப் பகுதி நடுங்கிற்று. ரயில்வேயிலே பணியாற்றிய இளம் பொறியாளர் எஸ். எல். குமார், விழுந்த வீடு ஏன் விழுந்தது என்று ஆராய்ந்தார். கனத்த கூரையும் பிணைப்பற்ற சுவரும் பக்கவாட்டு அசைவைத் தாங்கமாட்டா எனக் கண்டு, பழைய தண்டவாளங்களைச் சட்டமாக்கிச் சுவரைக் கட்டிப்பிடிக்கும்படி குவெட்டாவிலே ரயில்வே வீடுகளை அமைத்தார். 1935 மே 31, விடியுமுன், குவெட்டா தரைமட்டமாயிற்று. உறக்கத்திலேயே பல்லாயிரவர் மாண்டனர். குமார் கட்டிய வீடுகள் நின்றன! அவற்றில் குடியிருந்தோர் எந்த நோன்பும் நோற்றவரல்லர்; அவர்கள் சுவருக்குள் இரும்பு இருந்தது, அவ்வளவே.

வழி தெரிந்துவிட்டது. வழி தெரிந்தும் 58 ஆண்டுகள் சென்றபின் நடந்தது என்ன? 1993 செப்டம்பர் 30. மராட்டிய நாட்டுக் கில்லாரி. விநாயகரை நீரிலே கரைத்துவிட்டு வந்து மக்கள் அயர்ந்து உறங்கிய இரவு, மணி 3.56. அளவு 6.2 தான், பீகாரோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. மாண்டவரோ ஏறத்தாழ 10,000 பேர். மண்சாந்து வைத்து அடுக்கிய தடித்த கருங்கற் சுவர், மேலே அடியடியாக மண் ஏற்றிய கூரை: அந்த வீடுகளே அவர்களுக்குக் கல்லறைகளாயின. தக்காணப் பாறைமேல் அமர்ந்த ஊர் அது. பாறை அசையாது என்று அங்கேயும் சொல்லிக்கொண்டிருந்தனர். அறிவு நூலிலே இருந்தது. கொத்தனாரின் கையிலே வந்து சேரவில்லை.

கீரிப்பாறையிலே வீடு கட்டுவோரும் இதைக் கேட்டறிய வேண்டும். கற்சுவர் கட்டுவதானால் சுவரின் இரு முகங்களையும் பிணைக்கும் நீளக் கற்கள் இடையிடையே வேண்டும். கதவு நிலைகளுக்கு மேலே நான்கு சுவர்களையும் சுற்றிவரும் கம்பியிட்ட கான்கிரீட் பட்டை வேண்டும். கூரை கனக்கக் கூடாது. செலவு அதிகமில்லை. நிலம் நடுங்கத் தொடங்கிவிட்டால் மாடிப்படியிலே முண்டியடித்து ஓடுதல் தவறு. உறுதியான மேசைக்கோ கட்டிலுக்கோ அடியிற் குனிந்து அமர்ந்து, தலையைக் கையால் மறைத்து, மேசைக்காலைப் பற்றிக்கொள்ள வேண்டும். கண்ணாடிச் சன்னலும் பீரோவும் விழக்கூடியவை, விலகியிருத்தல் நன்று. மண்வீடாய், வாசல் இரண்டடியில் இருந்தால் வெட்டவெளிக்கு வந்துவிடலாம். ஆனால் வெளியே வந்தவர் மதிலோரத்திலும் மின்கம்பத்தடியிலும் நிற்கலாகாது. மலையூரில் இன்னுமோர் இடர் உண்டு: சரிவிலிருந்து கல் உருளும், ஆகவே சரிவின் அடியை விட்டு அகலவேண்டும். நடுக்கம் நின்றதும் அடுப்பையும் எரிவாயு உருளையையும் அணைத்து மூடுக. விரிசல் கண்ட வீட்டுக்குள் நகையெடுக்கப் போகாதீர், பின்னடுக்கம் வரும்.

மலைக்கு இப்படி. இதே மாவட்டத்தின் கடற்கரைக்கோ நடுக்கம் வேறு வடிவில் வந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ராவுக்கருகே 9.1 அளவில் கடலடி பிளந்தது. அலை இங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. இரண்டு மணி நேரம்! குளச்சலுக்கும் கொட்டில்பாட்டுக்கும் மணக்குடிக்கும் ஓடிப்போய்ச் சொல்ல அது போதாதா? சொல்ல ஆளில்லை, சொல்வதற்கான அமைப்பும் இல்லை. மணக்குடிப் பாலம் பெயர்த்தெறியப்பட்டது. நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் இயங்கத் தொடங்கியது 2007 அக்டோபரில்.

சுமத்ராவுக்கு அருகிலேயே சிமெலுவே என்றொரு தீவு. அங்கே அலை பத்து நிமிடத்துக்குள் வந்தது. 1907-இல் ஒருமுறை கடல் பொங்கி அத்தீவைச் சூறையாடியிருந்தது. அதைக் கண்ட தலைமுறை, நிலம் வலுவாகக் குலுங்கிக் கடல் பின்வாங்கினால் காத்திராமல் மேட்டுக்கு ஓடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிற்று. தாலாட்டிலும் கதையிலும் வைத்துச் சொல்லிற்று. அந்த அலைக்கு அவர்கள் மொழியில் 'ஸ்மோங்' என்று பெயர். 2004-இல் நிலம் குலுங்கிய உடனே ஸ்மோங், ஸ்மோங் என்று கூவிக்கொண்டு ஊரே குன்றேறிற்று. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் அன்று மாண்டவர் 7 பேர்.