வேர்நோயும் ஒரு பெயரும்

மரத்தண்டிலே தட்டுப்போல் வளர்ந்து, அடிப்புறத்தே நுண்துளைகளைக் கொண்டுள்ள பங்கசுகள் பல்துளைக் காளான்கள் எனப்படும். அவற்றுட் பல பட்ட மரத்தை உக்கச்செய்வன; சில உயிர்மரத்தையும் அழிப்பன.

இலங்கையில் இவற்றுக்குப் பெயரிடும் பணி தொலைவிலிருந்தே நடைபெற்றது. பேராதனைத் தாவரவியற் பூங்காவை 1849 முதல் பொறுப்பேற்று நடத்திய துவெயிற்சு, தாம் சேகரித்த பங்கசுகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்கிலி, புரூம் ஆகியோர் அவற்றை 1870களில் விவரித்தனர். அவர்கள் கையாண்டவை உலர்ந்த மாதிரிகள். வயதாலும் ஈரத்தாலும் வடிவமும் நிறமும் வேறுபடும் ஓரினம், அந்நிலையிற் பல இனங்களாகத் தோன்றுதல் எளிது.

1905 இல் பேராதனைக்கு வந்த தோமசு பெற்ச், உயிருள்ளவற்றை நேரிற் கண்டு பழைய பெயர்களை மீளாய்ந்தார். எனினும், தேயிலையையும் இறப்பரையும் தாக்கிய கபில வேர்நோயின் காரணியை அவரும் பிறிதோர் இனமென்றே கருதினார். சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவிற் பணியாற்றிய கோணர், 1932 இல் அது தனியினம் என நிறுவி, 'கேடு விளைப்பது' எனப் பொருள்படும் 'நொக்சியசு' என்ற பெயரைச் சூட்டினார். காளானின் புறத்தோற்றத்தோடு அமையாது, அதன் உடலை ஆக்கும் இழைகளை நுணுக்குக்காட்டியால் வகைப்படுத்தும் முறையையும் அவர் அவ்வாண்டிலேயே வெளியிட்டார்.

பின்னர் அவ்வினம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சாதி மாறியது. 2018 இல் நிகழ்ந்த மாற்றத்துக்கு மரபணு ஆய்வு துணைநின்றது. ஆயினும் கோணர் கண்ட இனம் நிலைத்தது. நோயின் காரணியைப் பிழையாக அறிந்தால் பரிகாரமும் பிழைக்கும். ஆதலின் பாகுபாட்டியல் வெறும் பெயர்ப்பட்டியல் அன்று. தோட்டத்து வேரோடும் தொடர்புடைய அறிவு அது.