இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பின் வேலைக்குத் திரும்புவது எப்போது?

இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சை முடிந்த சில நாள்களிலேயே ஊன்றுகோலுடன் நடக்க முடிகிறது. வலியும் மெல்லக் குறைகிறது. 'இனி வேலைக்குப் போகலாம்' என்ற எண்ணம் பலருக்கும் சீக்கிரமே வந்துவிடுகிறது. நாள் கணக்கிலும் குலைக் கணக்கிலும் சம்பளம் வாங்கும் குடும்பங்களில் அந்த அவசரம் இன்னும் அதிகம். ஆனால், வீட்டுக்குள் நடக்க முடிவது வேறு; எட்டு மணி நேரம் வேலை செய்வது வேறு.

வேலைக்கு ஏற்ற ஓய்வு

செயற்கை மூட்டு பொருத்தியவர்களில், அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்வோர் பொதுவாகச் சுமார் 6 வாரங்களில் திரும்பலாம். கடை, தொழிற்சாலை, பாதுகாவலர் வேலை போன்று நெடுநேரம் நிற்பவர்களுக்குக் கூடுதல் காலம் தேவை. பளு தூக்குவோருக்கு 3 மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். எலும்பு முறிந்து தகடோ கம்பியோ வைத்தவர்களுக்கு, எலும்பு கூடியதை எக்ஸ்ரே காட்டிய பிறகே மருத்துவர் முடிவு சொல்வார்.

தோட்ட வேலைக்குத் தனிக் கவனம் வேண்டும். செம்பனைக் குலையைத் தூக்குவது, மேட்டிலும் பள்ளத்திலும் தள்ளுவண்டி தள்ளுவது, குந்தியபடி உதிரிப் பழம் பொறுக்குவது, விடியற்காலை இருட்டில் ஈர மண்ணில் நடந்து பால்மரம் வெட்டுவது ஆகிய அனைத்தும் இடுப்பைச் சோதிப்பவை.

புதிய மூட்டு பிசகாமல் இருக்க, முதல் சில வாரங்களுக்குக் குந்துவது, சம்மணம் போடுவது, கால்மேல் கால் போடுவது, தாழ்வான முக்காலியில் உட்காருவது ஆகியவற்றைத் தவிர்க்கும்படி மருத்துவர்கள் பலருக்கும் அறிவுறுத்துகின்றனர். குந்தும் கழிவறை உள்ள வீடுகளில் உயரமான கழிவறை நாற்காலி வாங்கி வைப்பது நல்லது. மோட்டார் சைக்கிள், கார் ஓட்ட மருத்துவரின் அனுமதி பெற வேண்டும்.

விடுப்பும் சம்பளமும்

தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நோய்க்கு ஆண்டுக்கு 60 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. சாதாரண மருத்துவ விடுப்பு, வேலை செய்த காலத்திற்கேற்ப 14, 18 அல்லது 22 நாள். 2023 ஜனவரி முதல் இவ்விரண்டும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகின்றன. விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் அது அனுமதியின்றி வராத நாளாகிவிடும்.

அந்த 60 நாள் என்பது 9 வாரத்திற்கும் குறைவு. பளு தூக்குபவருக்கோ 12 வாரமாவது தேவைப்படலாம். பலரும் ஆறாத இடுப்போடு குலை தூக்கப் போவது இந்த இடைவெளியில்தான். எனவே, மீதமுள்ள மருத்துவ விடுப்பு, ஆண்டு விடுப்பு, இலகுவான வேலை ஆகியவை பற்றி முதலாளியிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

வேலையிடத்திலோ வேலைக்குப் போகவர நேர்ந்த விபத்திலோ இடுப்பு முறிந்திருந்தால், பெர்கெசோ எனப்படும் சொக்சோவில் மனு செய்யலாம். மருத்துவ விடுப்பு 4 நாளுக்குக் குறையாமல் இருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக உதவித்தொகையாகக் கிடைக்கும். சொக்சோவின் 'வேலைக்குத் திரும்பும் திட்டம்' 2007 முதல் நடப்பில் உள்ளது. அதன் அதிகாரி, தொழிலாளி, மருத்துவர், முதலாளி மூவரிடமும் பேசி ஏற்ற வேலைக்கு வழி செய்வார். மலாக்காவில் சொக்சோவின் மறுவாழ்வு மையமும் உள்ளது.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

'இலகுவான வேலை' என்று மட்டும் எழுதினால், அதைக் கங்காணி ஒரு விதமாகவும் நிர்வாகம் வேறு விதமாகவும் புரிந்துகொள்ளலாம். எத்தனை கிலோ வரை தூக்கலாம், எத்தனை மணி நேரம் நிற்கலாம், சரிவில் நடக்கலாமா, எந்தத் தேதி வரை இந்தக் கட்டுப்பாடு என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்வது அவசியம்.

உடனே மருத்துவமனைக்கு

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சுத் திணறினாலோ அது இரத்தக்கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். காய்ச்சலுடன் காயத்தில் சீழ் வடிந்தால் கிருமித் தொற்று இருக்கலாம். திடீர் வலியுடன் கால் ஊன்ற முடியாமல் போனாலோ ஒரு கால் குட்டையாகத் தெரிந்தாலோ மூட்டு பிசகியிருக்கக்கூடும். இவற்றில் எதுவானாலும் எண்ணெய் தேய்த்தோ உருவிவிட்டோ நேரத்தைக் கடத்தக் கூடாது. 999ஐ அழைக்க வேண்டும்.