எண் மட்டும் சாட்சியல்ல

மெக்சிகோவுடனான போருக்காக 1847இல் கனெக்டிகட் மாநிலத்து எலி விட்னி ஜூனியரின் ஆலையில் துப்பாக்கித் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட் செய்வித்த வாக்கர் ரிவால்வர்கள் ஏறத்தாழ 1,100தான். ராணுவத்துக்குப் போன ஆயிரத்தில் படைப்பிரிவின் (கம்பெனி) எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டன. பொதுவிற்பனைக்கானவை 1001இலிருந்து எண் பெற்றன. அரிதானதால் விலை ஏறியது. விலை ஏறியதால் போலிகள் பெருகின. ஆகவே ஓர் எண்ணை மட்டும் நம்பாமல், குழல், சட்டம், சுழல் உருளை ஆகியவற்றின் எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

போர்க்களத்தில் பழுதான பாகங்களை மாற்றியிருப்பார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அன்று மாற்றிய பாகத்திலும் காலத்தின் தேய்மானம் படிந்திருக்கும். அண்மையில் வெட்டிய எழுத்தோ பழைய துருக்குழிகளையும் அறுத்துக்கொண்டு கூரான விளிம்போடு நிற்கும். எண் ஒவ்வாத அசலை அப்படியே பதிவுசெய்வதுதான் நேர்மை. எண்ணைத் திருத்துவது வரலாற்றையே அழிப்பதாகும்.