வானூர்திகளில் அண்டக்கதிர் அளவீடு

வானூர்திகளில் அண்டக்கதிர் அளவீடு என்பது உயரப் பறக்கும் வானூர்திகளின் பணிக்குழுவினரும் பயணிகளும் பெறும் கதிர்வீச்சின் அளவை அறியும் முறையாகும். விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் வளிமண்டல அணுக்களுடன் மோதி நியூட்ரான், புரோட்டான், மியூவான் முதலிய துணைத்துகள்களைத் தோற்றுவிக்கின்றன. உயரம் கூடக் கதிர்வீச்சும் கூடுவதை 1912-இல் விக்டர் எஸ் பலூனில் ஏறிக் கண்டறிந்தார்; இதற்காக 1936-இல் நோபல் பரிசு பெற்றார்.

அளவைத் தீர்மானிப்பவை

பயணிகள் வானூர்திகள் பறக்கும் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்குச் சில மைக்ரோசீவர்ட் கதிரேற்பு நிகழ்கிறது. புவியின் காந்தப்புலம் மின்னூட்டமுள்ள துகள்களை நிலநடுக்கோட்டுப் பகுதியில் அதிகமாகவும் துருவங்களில் குறைவாகவும் விலக்குகிறது. காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், சென்னை-சிங்கப்பூர் பயணத்தில் ஒரு மணிக்குப் பெறும் அளவு இலண்டன்-நியூயார்க் பயணத்தைவிடக் குறைவாகும். கதிரவனின் செயற்பாடு மிகும் ஆண்டுகளில் அண்டக்கதிர்கள் குறைகின்றன என்பது பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி. எனினும் கதிரவ வெடிப்புகள் சில வேளைகளில் அளவைத் திடீரென உயர்த்தக்கூடும்.

கருவிகள்

சாதாரண கைகர் எண்ணி இங்கு போதாது. உயிரியல் விளைவைக் கணக்கிடும்போது ஏறத்தாழப் பாதிப் பங்கு நியூட்ரான்களுடையது. அவற்றை அக்கருவி சரிவர உணர்வதில்லை. ஆகவே உடல் திசுவை ஒத்த நெகிழிச் சுவரும் குறைந்த அழுத்த வளிமமும் கொண்ட விகிதசம எண்ணி பயன்படுத்தப்படுகிறது. வளிமத்தின் அழுத்தத்தைக் குறைப்பதன் மூலம் அச்சிறு அறை சில மைக்ரோமீட்டர் அளவுள்ள திசுவைப் போல் நடந்துகொள்கிறது. சிலிக்கன் உணரிகளும் குமிழ் உணரிகளும் உண்டு.

1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றிப் பறந்த கான்கார்டு, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் உயரம் வரை சென்றதால் கதிர்வீச்சுமானியைத் தன்னுடனே கொண்டிருந்தது. அளவு எல்லை மீறினால் வானோடி தாழப் பறக்க வேண்டும்.

கணிப்பும் விதிகளும்

பணிக்குழுவினர் பொதுவாக அளவி அணிவதில்லை. பயணத்தின் பாதை, உயரம், நாள் ஆகியவற்றைக் கொண்டு அமெரிக்காவின் காரி போன்ற மென்பொருள்கள் அளவைக் கணிக்கின்றன. கருவிகளின் அளவீடுகள் இக்கணிப்புகளைச் சரிபார்க்க உதவுகின்றன. பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 1990-இல் இதனைத் தொழில்சார் கதிரேற்பாகக் கருதப் பரிந்துரைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1996-இல் இதைத் தன் நெறிமுறையில் சேர்த்தது. கருவுற்ற பணிப்பெண் அதைத் தெரிவித்த பின், எஞ்சிய பேறுகாலத்தில் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேற்படாதவாறு பணி அமைக்கப்பட வேண்டும். எப்போதாவது பறக்கும் பயணிகளுக்கு இத்தகைய பதிவேடு ஏதும் பேணப்படுவதில்லை.